தெளிவாக்கிக் கெடுத்த படம்

சோதனை டிஸ்க் வந்த அன்று நான் மில்லில் இருந்தேன். கூரியர்காரர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனதை மனைவி போனில் சொன்னாள். "ஏங்க, சென்னையிலருந்து பார்சல் வந்திருக்கு. ஆட்டிப் பாத்தேன், உள்ள லொடலொடங்குது" என்றாள். "ஆட்டாத, கீழ வை" என்று நான் போட்ட சத்தத்தில், பக்கத்தில் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் தன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் மின்பிரிவு மேற்பார்வையாளர் வேலை எனக்கு. அது சோறு போடுகிறது. என் நிம்மதியைத் தின்கிற வேலை இன்னொன்று உண்டு. பழைய தமிழ்ப் படங்கள் புதிய டிஸ்க்காக மெருகேற்றி வரும்போது, முந்தைய பதிப்போடு வைத்துப் பார்த்து, எது தேறியிருக்கிறது, எது நாசமாகியிருக்கிறது என்று இணையத்தில் எழுதுவேன். பெரும்பாலும் நாசம்தான். தோலெல்லாம் மெழுகு பூசியதுபோல வழவழவென்று ஆக்கிவிடுவார்கள், இரவுக் காட்சியைப் பட்டப்பகல் ஆக்குவார்கள், பிறகு உறையில் 'முன்னெப்போதும் காணாத தெளிவு' என்று போடுவார்கள். நான் படம் பிடித்துப் போட்டு, அம்புக்குறி வைத்து, திட்டி எழுதுவேன். இதைப் படிப்பதற்கும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். மனைவியின் கருத்துப்படி அவர்களுக்கும் வேறு வேலை இல்லை.

அப்படி எழுதியதைப் பார்த்துத்தான் சென்னையிலிருந்து ஒரு சின்ன நிறுவனம் என்னைத் தேடி வந்தது. ஒரு பழைய படத்தை 4கே டிஸ்க்காகக் கொண்டுவருகிறார்கள். பிரதி போடுவதற்கு முன்னால் நான் பார்த்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும். படம் எது என்று அவர்கள் ஆபீஸ் பையன் போனில் சொன்னதும் நான் எழுந்து போய் அலமாரியிலிருந்த அதன் பழைய டிவிடியை எடுத்து வந்தேன். லைன் போய்விட்டது என்று நினைத்து அந்தப் பையன் ஹலோ ஹலோ என்றான்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது அந்தப் படம் எடுத்து. ஓடவில்லை, பிறகு டிவிடியில் பார்த்துக் கொஞ்சம் ரசிகர்கள் சேர்ந்தார்கள். கதாநாயகன் ஒரு மில் கணக்கர், அவருக்கு எங்கே போனாலும் ஒரே ஆள் முன்னால் நடந்து போவது தெரிகிறது. மில்லில், சந்தில், தன் வீட்டுக் கொல்லையில், கடைசியில் தன் கல்யாண போட்டோவில்கூட அந்த ஆள் முதுகு காட்டி நிற்கிறான். துரத்தித் துரத்திப் புத்தி பேதலித்துப் போகிறது. கடைசிக் காட்சி ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில். கணக்கர் கீழே விழுந்து கிடக்கிறார். முன்னால் போகிற ஆள் முதன்முறையாக நின்று திரும்புகிறான். ஆனால் கேமராவின் ஃபோகஸ் முன்னால் கிடக்கும் கணக்கரின் கையில் இருக்கிறது. திரும்பியவன் முகம் வெறும் பழுப்பு நிறக் கறைதான். அத்தோடு படம் முடிந்துவிடும்.

எங்கள் ஊர் தியேட்டரில் அந்த இடத்தில் ஒருவர் எழுந்து நின்று, "ஏலே, மூஞ்சியக் காட்டிட்டு முடிங்கலே" என்று கத்தினார். தியேட்டரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்த முகம் யாருடையது என்று எனக்குத் தெரியும். அது என் அண்ணன்.

அண்ணன் ராணுவத்தில் இருந்தார். லீவில் வந்தால் தேவதானத்தில் இருந்த எங்கள் வயலைவிட்டு நகரமாட்டார். அவர் நடை ஊரில் பிரசித்தம். இடது கையால் வேட்டியின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்திருப்பார். அது வரப்பில் நடந்து வந்த பழக்கம். வலது கையை மட்டும் தோள் உயரத்துக்கு வீசுவார். அது பரேடு மைதானம் கொடுத்தது. "ஒரு கை லீவுல இருக்கு, ஒரு கை டூட்டியில இருக்கு" என்று மதினி கேலி செய்வார். அண்ணன் சிரித்துக்கொண்டே அப்படியே நடந்து போவார், மாற்றிக்கொள்ள மாட்டார்.

நான் மில்லில் சேர்ந்த புதிதில் அங்கே படப்பிடிப்பு நடந்தது. வயலில் மோட்டார் ரிப்பேர் என்று என்னைக் கூப்பிட அண்ணன் மில் கேட்டுக்கு வந்தார். நான் வரத் தாமதமானதால் எதிரில் இருந்த டீக்கடைக்கு நடந்து போனார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த டைரக்டர் எழுந்து நின்று பார்த்ததை நானே கண்டேன். டீ குடித்துத் திரும்பி வந்தவரை மறுபடியும் டீக்கடைக்குப் போகச் சொன்னார்கள். பிறகு இன்னொரு தடவை. "இவியளுக்கு என்ன வேணும்? டீ வேணும்னா வாங்கிட்டு வாரேன்னு சொல்லு" என்றார் அண்ணன் என்னிடம். அன்றிலிருந்து லீவு முடியும்வரை அவர் அந்தப் படத்துக்காக நடந்தார். டைட்டிலில் பெயர் போடவில்லை. அவரும் கேட்கவில்லை. யூனிட்டில் எல்லோரும் அவரை 'நடக்கிறவர்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

படம் வெளிவருவதற்கு முன்பே அண்ணன் இறந்துபோனார். வடக்கே பனிமலையில் காவல் பணியில் இருந்தபோது நடந்தது. பெட்டியில் கொண்டுவந்தார்கள், திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மதினி கடைசியாக அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போது மதினி வயிற்றில் பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு அப்பா என்றால் யூனிஃபார்மில் விறைப்பாக நிற்கும் இரண்டு ஸ்டுடியோ போட்டோதான். கல்யாண வீடியோ கேசட் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து, ஓட்டிப் பார்த்தால் கோடு கோடாக வந்தது. அசைகிற அப்பா என்று அவளுக்கு இருந்தது இந்தப் படத்தில் முதுகு காட்டி நடக்கிற அந்த ஆள் மட்டும். பழைய டிவிடியோ மகா மட்டம். அண்ணன் வேகமாகக் கை வீசினால் கை கட்டம் கட்டமாக உடையும்.

எனக்கு இந்த டிஸ்க் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று யாராவது கேட்டால் வேறு ஏதாவது காரணம் சொல்வேன். உண்மையான காரணம் இதுதான்.

டிஸ்க் அனுப்புவதற்கு முந்தின வாரம் அந்த நிறுவனத்துப் பையன் போன் செய்தான். குரலில் சந்தோஷம் தாங்கவில்லை. "சார், ஒரு விஷயம் சொல்றேன், வெளிய சொல்லாதீங்க. அந்த நடக்கிறவர் முகம் வந்துருச்சு சார். கடைசி ஷாட்ல கிளியரா தெரியுது" என்றான்.

ஃபோகஸ் இல்லாமல் எடுத்ததை யார் வந்தாலும் ஃபோகஸுக்குக் கொண்டுவர முடியாது. லென்ஸ் வாங்காத முகம் நெகட்டிவில் இருக்காது. இதைப் பல பேரிடம் சண்டை போட்டு விளக்கியவன் நான். ஆனாலும் அந்தப் பையன் சொன்னதும் என் அறிவு எல்லாம் எங்கேயோ போய்விட்டது. வேறு டேக் ஒன்று ஃபிலிம் டப்பாவில் கிடைத்திருக்கலாம், ஃபோகஸ் தவறிப்போய் அண்ணன் முகத்தில் விழுந்த டேக்காக இருக்கலாம் என்று எனக்கு நானே கதை கட்டிக்கொண்டேன். அன்றைக்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மதினிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

 போன் கை மாறும் சத்தம் கேட்டது. அண்ணன் மகள் மதுரையில் நர்சிங் படிக்கிறாள், அன்று வீட்டுக்கு வந்திருந்தாள். "சித்தப்பா, மூஞ்சி நல்லாத் தெரியுமா?" என்றாள்.

"தெரியுதாம். நான் இன்னும் பாக்கல."

"நீங்க பாத்த பொறவு நம்ம வீட்டுக்குக் கொண்டாங்க. நான் லீவு போட்டுட்டு வாரேன். என் ஃபிரண்ட்ஸ்கிட்டயும் சொல்லுதேன்."

எனக்கு வார விடுமுறை கிடைத்த அன்று காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். படம் பார்க்கிற அறையில் வெளிச்சம் இருக்கக்கூடாது. ஜன்னல் இடுக்கெல்லாம் மனைவியின் கறுப்புச் சேலையையும் கருநீலச் சேலையையும் மடித்துச் செருகினேன். "இருட்டாக்குறதுக்கு என் பட்டுச் சேலதான் கிடச்சுதா? அந்தப் பழைய போர்வ எங்க போச்சு?" என்று அவள் கேட்டதற்கு, போர்வையில் ஓட்டை இருக்கிறது என்றேன். ஃபேனும் சத்தம் என்று நிறுத்திவிட்டேன். வேர்த்துக் கொட்டியது.

முதல் அரை மணி நேரம் நான் குறை எதுவும் குறித்துக்கொள்ளவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பாராட்டு என்று புரியும். பழைய டிவிடியில் சாம்பல் நிறச் சுவர் மாதிரி இருந்த எங்கள் மலை இதில் அடுக்கடுக்காகத் தெரிந்தது. ஒரு மடிப்பில் மேகம் படுத்திருந்தது. சந்துக்குள் எரிகிற மஞ்சள் பல்புக்கு அதன் உண்மையான மஞ்சள் திரும்பி வந்திருந்தது. அண்ணன் முதன்முதலில் தெருமுனையில் தோன்றியபோது வேட்டியின் கரை என்ன நிறம் என்று முதல்முறையாகத் தெரிந்தது. பச்சை. படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மில் காட்சி வந்தது.

நூற்பாலைக்குள் போனவர்களுக்குத் தெரியும், அங்கே காற்று என்பதே பாதி பஞ்சு. மெஷின் ஓட ஓடப் பஞ்சுத் தூசி பறந்துகொண்டே இருக்கும், வெளிச்சம் விழும் இடத்தில் மெதுவாக மிதக்கும். இப்போது தூசியை உறிஞ்சுகிற சாதனமெல்லாம் வந்து குறைந்துவிட்டது. அந்தக் காலத்தில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவன் தலை வெளுத்துப்போய் வருவான். டைரக்டர் அதற்காகத்தான் எங்கள் மில்லையே தேர்ந்தெடுத்தார். கணக்கர் துரத்திக்கொண்டு ஓடுவார், பஞ்சு அவர் கண்ணை மறைக்கும், அதற்குள் அண்ணன் போய் மறைவார். அந்தக் காட்சி முழுக்கப் பஞ்சை நம்பி எடுத்தது.

புதிய டிஸ்க்கில் ஒரு துளிப் பஞ்சு இல்லை. ஹால் முழுதும் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி துப்புரவாக இருந்தது. எனக்கு முதலில் புரியவில்லை, பின்னால் ஓட்டிப் பார்த்தேன். பிறகு விளங்கியது. சென்னையில் யாரோ ஒருவர் ஃபிலிம் மேல் படிந்த அழுக்கு என்று நினைத்து ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியாகத் துடைத்து எடுத்திருக்கிறார். எத்தனை நாள் உட்கார்ந்து செய்தாரோ. தொழிலாளிகள் எல்லோரும் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், கணக்கர் எதுவும் இல்லாத காற்றைக் கையால் விலக்கி விலக்கி ஓடுகிறார். புதிதாகப் பார்க்கிறவன் இவருக்குக் கண் தெரியாதா என்றுதான் கேட்பான். பஞ்சு படிந்து வெளுத்திருந்த அண்ணனின் தலையையும் விட்டுவைக்கவில்லை, மை பூசியதுபோலக் கறுப்பாக்கி வைத்திருந்தார்கள்.

நான் வாய்விட்டுத் திட்டிய சத்தத்தில் மனைவி கதவைத் திறந்தாள். திறந்த அதே நேரம் கரண்டும் போய்விட்டது. மாதாந்திரப் பராமரிப்பு நாள், மறந்தே போயிருந்தேன். "ஊருக்கெல்லாம் கரண்டு பாக்குதாரு, வீட்டுல எப்ப கரண்டு போகும்னு தெரியல" என்று சொல்லிவிட்டுத் தன் சேலைகளை உருவிக்கொண்டு போனாள். சாயங்காலம்வரை திண்டாட்டம். உட்காரவும் முடியவில்லை, எழுதவும் முடியவில்லை. பஞ்சைத் துடைத்தவரை மனசுக்குள் நிற்க வைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு போன் போட்டு இந்த ஊர்க்காரன் எவனையாவது கேட்டிருக்கலாம். நான் இருக்கிறேனே, என்னைக் கேட்டிருக்கலாம்.

கரண்ட் வந்ததும் நேராகக் கடைசிக் காட்சிக்குப் போனேன். பஞ்சு போனால் போகட்டும், அண்ணன் முகம் இருக்கிறது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ரத வீதி. தேர்ச்சக்கரத்தின் மேல் வெயில். கணக்கர் விழுகிறார். அவர் கை ரோட்டில் விரிந்து கிடக்கிறது. தூரத்தில் பச்சைக்கரை வேட்டியின் ஓரத்தைப் பிடித்தபடி, வலது கை வீசி அண்ணன் போகிறார். நிற்கிறார். திரும்புகிறார்.

கணக்கராக நடித்தவரின் முகம் அது.

கழுத்து அண்ணனுடையது, தோள் அண்ணனுடையது, வேட்டியைப் பிடித்திருந்த கை அண்ணனுடையது. மேலே கதாநாயகனின் தலை, அவருடைய மெல்லிய மீசை, அவருடைய சின்னக் கண். அந்தக் கண் ஒரு தடவை சிமிட்டவும் செய்தது.  முதலில் வந்தது அழுகையா கோபமா என்று தெரியவில்லை. கோபம் எனக்குப் பழகியது என்பதால் கோபத்தையே எடுத்துக்கொண்டேன்.

உடனே சென்னைக்குப் போன் போட்டேன். பையன் குதூகலமாக எடுத்தான். "பாத்துட்டீங்களா சார்? எப்படி இருக்கு சார் அந்த ஷாட்?"

"அந்த முகம் எங்கருந்து வந்துச்சு?"

"அதுதான் சார் ஹைலைட். சாஃப்ட்வேர்ல படத்துல இருக்கிற முகத்தையெல்லாம் குடுத்துப் பழக்கினோம். மங்கலா இருக்கிற இடத்த அதுவே கண்டுபிடிச்சுத் தெளிவாக்கும். இத்தன வருஷமா ரசிகர்கள் சொல்லிட்டு இருந்த தியரி சரியாப் போச்சு பாருங்க. ஹீரோ துரத்தினது ஹீரோவையேதான்."

படம் நெடுக இருப்பது கதாநாயகன் முகம்தான். அதையே தின்னக் கொடுத்துப் பழக்கினால் அது வேறு யார் முகத்தைக் கண்டுபிடிக்கும் என்று கேட்டேன். "அது கண்டுபிடிக்கலப்பா. ஒட்ட வச்சிருக்கு. அங்க நடந்தது ஹீரோ இல்ல, எங்க அண்ணன்."

அவன் மரியாதையான பையன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "டைட்டில்ல அவர் பேர் இல்லையே சார்" என்றான்.

"பேர் போடல. ஆனா அவருதான்."

"டைரக்டர் சார் இப்ப இல்ல. புரொடியூசர்கிட்ட பேப்பர் எதுவும் இல்ல. ஏதாவது ஆதாரம் இருக்கா சார்? போட்டோ மாதிரி?"

யூனிஃபார்மில் விறைப்பாக நிற்கிற ஸ்டுடியோ போட்டோவை வைத்து, மங்கலாக நடக்கிற ஒருவர் அவர்தான் என்று எப்படி நிரூபிப்பது? நடையைப் போட்டோ எடுக்க முடியாது. அண்ணனோடு அன்றைக்கு டீ குடித்தவர்களைத் தேடிப் பிடித்து மெட்ராஸுக்கு அழைத்துப் போக வேண்டுமா? எனக்கு எரிச்சலில் வார்த்தை தடித்தது. அந்த ஷாட்டை மெருகேற்றுவதற்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே போடுங்கள், மங்கலாகவே இருக்கட்டும், டைரக்டர் அப்படித்தானே எடுத்தார் என்றேன். பார்க்கிறேன் சார் என்றான்.

அன்றைக்கே நீளமாக ஒரு மெயிலும் எழுதினேன். மலையையும் மஞ்சள் பல்பையும் பாராட்டினேன். நியாயமாக இருக்க வேண்டும் அல்லவா. பஞ்சு அழுக்கு அல்ல என்று ஒரு மில்காரனாக விளக்கினேன். கடைசி ஷாட்டைப் பற்றி எழுதும்போது டிஸ்க்கைத் தரம் பார்க்கிறவனாக எழுதுகிறேனா, தம்பியாக எழுதுகிறேனா என்று எனக்கே குழப்பமாகிவிட்டது. இரண்டில் எதுவாக இருந்தாலும் பதில் ஒன்றுதான்: இந்த நிலையில் இதை வெளியிடக்கூடாது என்று முடித்தேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. விரிவான கருத்துக்கு மிக்க நன்றி. பிரதி போடுவதற்கு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. கடைசி ஷாட்தான் விளம்பரத்தின் மையம் என்பதால் அதை மாற்ற இயலவில்லை. தங்கள் உதவிக்காக உறையின் பின்பக்கம் 'சிறப்பு நன்றி' என்று தங்கள் பெயரைச் சேர்த்திருக்கிறோம். நடந்தவருக்குப் பெயர் இல்லை, குறை சொன்னவனுக்குப் பெயர் உண்டு. அந்த மெயிலை மனைவியிடம் படித்துக் காட்டியபோது, எப்போதும் என்னைக் கேலி பேசுகிறவள் அன்றைக்கு அந்தப் பழைய போர்வையின் ஓட்டையைத் தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

இதற்கிடையே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன் மேல் போன். பிளேயர் ரிப்பேர் என்று ஒரு தடவை சமாளித்தேன். கடைசியில் அண்ணன் மகள், "சித்தப்பா, நான் லீவு போட்டு வந்து உக்காந்திருக்கேன். இன்னைக்கு நீங்க வரலைன்னா நான் அங்க வாரேன்" என்றாள். பிளேயரைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழி நெடுக மலை கூடவே வந்தது. எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து ஒன்றும் கிடைக்கவில்லை.

மதினி வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறார். டிவிக்குப் பக்கத்தில்தான் மெஷின். நான் போனபோது தைத்துக்கொண்டிருந்ததை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். "வாங்க தம்பி, செத்த நேரம் ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. மோரு தாரேன்" என்றார். தலை சீவி, நல்ல சேலை கட்டியிருந்தார். அதைப் பார்த்ததும் நான் பையைத் திறக்காமல் ஓரமாக வைத்தேன்.

"மதினி, இந்த டிஸ்க் சரியில்ல. இன்னொரு நாளைக்குப் பாப்போமே" என்றேன்.

"உங்களுக்கு எந்த டிஸ்க் சரியா இருந்திருக்கு சித்தப்பா?" என்றாள் மகள், பையிலிருந்து பிளேயரை எடுத்துக்கொண்டே.

இனி சுற்றி வளைத்துப் பயனில்லை. "அதுல தெரியுறது உங்கப்பா மூஞ்சி இல்ல. கம்ப்யூட்டர் ஹீரோ மூஞ்சிய எடுத்து ஒட்டிருச்சு" என்று சொல்லிவிட்டேன்.

மதினி மோர் டம்ளரை என் பக்கத்தில் வைத்தார். மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "போடுங்க. நானே பாத்துக்கிடுதேன்" என்றாள்.

அவர்கள் வீட்டு டிவியில் கடையில் வைத்த நிறம்தான் இன்றைக்கும். மனிதர்கள் எல்லோரும் தக்காளி மாதிரி இருப்பார்கள். நான் ஒவ்வொரு தடவை வரும்போதும் சரிசெய்வேன், நான் போனதும் 'டல்லா இருக்கு' என்று பழையபடி மாற்றிவிடுவார்கள். அன்றைக்கு நான் நிறத்தைத் தொடவில்லை. ஆனால் ரத வீதியில் அண்ணன் நடக்கத் தொடங்கியதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. டிவியில் அசைவை வழவழப்பாக்குகிற ஒரு வசதி இருக்கிறது. அது இருந்தால் படத்தில் நடக்கிறவர்கள் சக்கரம் வைத்ததுபோல வழுக்கிக்கொண்டு போவார்கள். அண்ணனும் வழுக்கிக்கொண்டு போனார். ரிமோட்டை வாங்கி அதை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன்.

இப்போது நடை வந்துவிட்டது. பாதம் தரையில் பதிந்தது. வேட்டியின் ஓரம் இடது கையில். வலது கை தோள்வரை ஏறி இறங்கியது.

"அந்தா, கை" என்றார் மதினி. அவ்வளவுதான் சொன்னார். மகள் டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் நின்றார். திரும்பினார். கதாநாயகன் எங்களைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

 டைட்டில் ஓடி, திரை கறுத்து, மெனுவில் வந்து நின்றது. நான் மோரைக் குடித்தேன், வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. மதினிதான் முதலில் பேசினார். "தம்பி, பின்னால கொண்டு போங்க. அவிய திரும்புறதுக்கு முன்னாடி நிப்பாட்டிருங்க."

கொண்டு போனேன், திரும்புவதற்கு முன்னால் நிறுத்தினேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும். நிறுத்தத் தாமதமாகி ஒரு தடவை பாதி முகம் வந்துவிட்டது, மதினி சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் நான் கட்டை விரலைப் பொத்தானைவிட்டு எடுக்கவே இல்லை. அவருக்கு அந்த நடை போதுமாக இருந்தது. பார்த்த முகம், பழகிய முகம், மீதியை அவரே போட்டுக்கொள்வார். பார்க்காதவள்தான் கீழே உட்கார்ந்திருந்தாள்.

"கடைக்கு எப்ப வருது சித்தப்பா இது?" என்று கேட்டாள், திரும்பாமலே.

"அடுத்த மாசம்."

"ஹாஸ்டல்ல எல்லாரும் பாப்பாளுவ. நானே எல்லாத்தையும் பாக்கச் சொல்லி வச்சிருக்கேன்." முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "சேந்த புதுசுல, எங்கப்பா சினிமாவுல நடந்திருக்காருன்னு சொன்னேன். எவளும் நம்பல. போன்ல இருந்த பழைய படத்தப் போட்டுக் காட்டுனேன். மூஞ்சியே தெரியலையேட்டி, யாரோ ஒருத்தருன்னு சொன்னாளுவ. உங்களுக்கு யாரோ, எனக்குத் தெரியும்னு சண்ட போட்டேன். சரின்னு விட்டுட்டாளுவ. பொறவு அவளுவளே புதுசா வாரவளுவகிட்ட, இவ அப்பா நடக்காரு பாருன்னு காட்டுவாளுவ."

"அவளுவகிட்ட நான் பேசுதேன். எப்படி இது நடந்துச்சுன்னு நான் எழுதப் போறேன்" என்றேன்.

"நீங்க எழுதுறத யாரு சித்தப்பா படிக்கா?" அவள் குரலில் கேலி இல்லை. "மங்கலா இருந்தப்ப அது எங்கப்பான்னு சொல்லிக்கிட முடிஞ்சுது. இப்ப மூஞ்சியே தெரியுதுல்ல. இனிமே சொன்னா சிரிப்பாளுவ."

நான் பிளேயரைத் துண்டில் சுற்றினேன். அவள் சொன்னது சரி.